மஞ்சள் ஏறிய கத்திப்பிடி

சனிக்கிழமை காலை 6.10-க்கு மதுரையில் பஸ் ஏறி, 9.20-க்குச் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். ராஜபாளையம் தாண்டும்போது கண்டக்டர், "கோயிலுக்கா சார்?" என்று கேட்டார். "இல்லங்க, எலும்புக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மனிதர் என் பக்கமே வரவில்லை.

எனக்கு வீட்டில் கத்தி செய்யும் கிறுக்கு உண்டு. மரப்பிடி வரைக்கும் கை வரும். எலும்பில் பிடி போடத் தெரியாது. அதைச் செய்ய முயன்றுகொண்டிருந்தவர் வாட்ஸ்அப்பில் பழக்கமான சண்முகம், இங்கே விசைத்தறி மெக்கானிக். "வாங்க அண்ணாச்சி, கூடயே இருந்து பாருங்க" என்று கூப்பிட்டார். கிளம்பிவிட்டேன்.

அவர் செய்யும் கத்தி விளையாட்டுக்கு இல்லை. போன வருஷம் அவர் மனைவி பேச்சியம்மாளின் வலது கை தறி பெல்ட்டில் மாட்டி, இரண்டு விரல் மடங்காமல் போய்விட்டது. கடைக் கத்தியின் ஒல்லிப் பிடி அந்தக் கையில் நிற்பதில்லை. ஒரு வருஷமாகக் காய் வெட்டுவது சண்முகம்தான். அவர் வெட்டுகிற வெண்டைக்காயைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. உருண்டையான எலும்புப் பிடி என்றால் விரல் மடங்காமலே உள்ளங்கையில் உட்காரும் என்பது அவர் கணக்கு. ஏற்கெனவே இரண்டு எலும்பு வீண். ஒன்று மொட்டைமாடி வெயிலில் விரிந்தது. இன்னொன்றைத் தளதளவென்று கொதிக்கவிட்டதில் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

"மூணாவதுதான் கடேசி. அதுக்கப்புறம் என் அடுப்புல எலும்பு ஏறப்படாது, சொல்லிட்டேன்" என்றாள் பேச்சியம்மாள், எனக்குக் காபி கொடுத்தபடியே.

10.30. கறிக்கடை. செம்மறிக் கிடாவின் பின்தொடை எலும்பு, வெட்டாமல் முழுசாக வேண்டும். "வெட்டாத எலும்ப வச்சு என்னவே செய்யப் போறீரு?" என்று கடைக்காரர் சண்முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அரைக் கிலோ கறி வாங்கினால்தான் தருவாராம். நானூற்றைம்பது ரூபாய், சரி என்றோம்.

வீட்டுப் பின்கட்டில் சண்முகம் எலும்பின் இரு முனைகளையும் ரம்பத்தால் அறுத்து, கம்பியால் குத்தி மஜ்ஜையைத் தள்ளினார். அறுக்கும்போது தூள் மூக்கில் ஏறக்கூடாது என்று இருவரும் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டோம். பிறகு, "நல்லா கழுவி வைங்க அண்ணாச்சி, சோப்புத்தூள் வாங்கிட்டு வாரேன்" என்று போனார்.

நானும் நல்லாத்தான் கழுவினேன். கறி என்றால் கை தானாக மஞ்சள் டப்பாவைத் தேடும் வளர்ப்பு நமக்கு. இரண்டு ஸ்பூன் போட்டு, உள்ளும் புறமும் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவும் வைத்துவிட்டேன். என் சமர்த்தை என்ன சொல்ல!

சண்முகம் வந்து வெந்நீரில் சோப்புத்தூளைப் போட்டு எலும்பை இறக்கினார். தண்ணீர் செக்கச் செவேலென்று ஆனது.

"ஐயையோ, என்ன அண்ணாச்சி போட்டிய?"

"மஞ்சள்."

மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். தணலைக் குறைத்து, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி மட்டும் வரும்படி நாலு மணி நேரம் வைத்தார். கொழுப்பு மிதந்தது, வழித்தோம். தண்ணீரை மூன்று முறை மாற்றினோம். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டும் பாதி மஞ்சள்தான் போனது, மீதி அசையவில்லை. வெயிலில் காட்டினால் நிறம் போகும், எலும்பும் விரியும். "வெள்ள வெளேர்னு தாரேன்னு சொல்லிருந்தேன் அவகிட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் நிழலில் வைத்தார். மதுரை போகும் பஸ்ஸில் எனக்கு வாய் கசந்தது.

ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு காலை, மறுபடி அதே பஸ். கத்தி தயார், உங்க முன்னாடிதான் அவகிட்ட கொடுப்பேன் என்று சண்முகம் போன் செய்திருந்தார். எலும்புக் குழலுக்குள் கத்தித் தகட்டின் பின்வாலைப் பசையூற்றி இறக்கி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்திருந்தார். விரிசல் இல்லை. ஆனால் மஞ்சள்.

பேச்சியம்மாள் வாங்கிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"தங்கச்சி, தப்பு என்னோடதும்மா" என்றேன்.

"எது தப்பு? மஞ்ச போட்டுக் கழுவாத எலும்ப எவ அடுப்படிக்குள்ள விடுவா? ரெண்டு தடவையும் இவுககிட்ட மஞ்ச போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். போன்ல பாத்த வீடியோவுல அப்பிடி இல்லன்னுட்டாக. அதுக நல்லா வந்திருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன்."

சண்முகத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மதியம் 3.40 பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அந்த வீட்டை விட்டு வர மனசே இல்லை. மதுரையில் என் கத்திகள் பதினொன்றும் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. ஒன்றுகூட ஒரு வெங்காயத்தைக் கண்டதில்லை. இங்கே பேச்சியம்மாள் அன்றைக்கு நாலு வெங்காயம் அரிந்தாள். நாலாவதுக்குள் கை பழகிவிட்டது. "மெதுவா, மெதுவா" என்று சண்முகம் பக்கத்திலேயே நின்றார்.

"வெட்டுறது நானு. நீங்க எதுக்கு அழுதிய?" என்றாள்.

"வெங்காயம்ட்டி" என்றார் அவர்.