மூளிக் கோப்பை

அம்மாவுக்குக் காப்பி என்றால் அந்த ஒரு கோப்பைதான். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ. சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கிய வாரமே சீனர் கடையொன்றில் அப்பா வாங்கித் தந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், சிராங்கூன் சாலை மாடிவீட்டில் அம்மா படுத்த படுக்கையானாள். ஒருநாள் அவள் கை நடுங்கி, கோப்பை கட்டில் சட்டத்தில் இடித்து, விளிம்பில் நகமளவு சில்லு தெறித்தது.

அப்பாவின் அக்காள், என் அத்தை, உடனே கையை நீட்டினாள்.

"நோயாளி இருக்குற வீட்ல மூளிக் கோப்பையா? குடு, கால்வாய்ல வீசிட்டு வர்றேன்."

விளிம்பு உடைந்த பாத்திரம் வீட்டுக்காரிக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை. அம்மா கோப்பையை விடவில்லை. கஞ்சிகூட இறங்காத நாட்கள் அவை. காப்பி ஒன்றைத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பாள். வேறு கோப்பையில் கொடுத்தால் அதையும் தொடமாட்டாள்.

எனக்கா, ஒரே உற்சாகம். ஒட்டிவிட்டால் அது மூளியே இல்லையே! அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, சில்லைப் பொருத்தி, நூலால் இறுக்கிக் கட்டி ஜன்னலோரம் வைத்தேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. சூடு பட்டா விட்டுடும்."

"உத்தரவு, டீச்சரம்மா," என்றார் அப்பா. அம்மா இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். அவரை ரிக்‌ஷாவரை கொண்டுவிடப் போன அப்பா, ரிக்‌ஷா போய் வெகுநேரமாகியும் மாடியேறவில்லை. ஏறி வந்தவர் நேரே சமையற்கட்டுக்குப் போய் அத்தையிடம் ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து அம்மா காப்பி கேட்டாள்.

அத்தைதான் வந்தாள். ஜன்னலோரக் கோப்பையை எடுத்து, நூலை அறுத்து, ஆவி பறக்கும் காப்பியை அதில் ஊற்றினாள்.

"அத்தே! இன்னும் காயல!"

சில்லு காப்பிக்குள் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தை அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டாள். உடையாத பக்கமாகத் திருப்பி, கோப்பையை அம்மாவின் உதட்டில் வைத்துப் பிடித்தாள்.

"உங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதடி. காப்பி நல்லாயிருக்கு," என்றாள் அம்மா. அப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அன்று பகல் முழுவதும் ஆத்திரத்தில் யாரோடும் பேசவில்லை. அம்மாவோடும்.