சுவாமிக்கு அள்ளும் கிணற்றில் மீன்

நுளம்பு ஆய்வுக் குழுவினர் எங்கள் கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி முற்றத்து வெயிலில் வைத்தார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முதலில் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரத்தில், தூசி என்று அவர் நினைத்தவை அசைந்தன. எள்ளிலும் மெல்லிய உடல்கள் நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருந்து, அவருடைய நிழல் பட்டதும் சட்டென்று விலகின.

“உதென்ன, புழுவே?”

“நுளம்புக் குடம்பி அப்பா. மலேரியா பரப்பக்கூடிய இனம்.”

“இந்தத் தண்ணியையே நான் சுவாமிக்குக் குடுத்தனான்?”

நான் விலங்கியல் படித்துப் பட்டம் பெற்று, பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கொழும்புத்துறைப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு அந்தக் குழுவுடன் சென்று, அவர்கள் செய்வதை மக்களுக்கு எடுத்துச் சொல்வது அந்த மாதங்களில் என் பொறுப்பாக இருந்தது. நாட்டில் உள்ளூரில் பரவும் மலேரியா இல்லாமற்போனது என் மாணவப் பருவத்துக்குள் நடந்த பெரும் மாற்றம். அதன் மகிழ்ச்சி ஆறுவதற்குள், நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் வாழப் பழகிய புதிய நுளம்பொன்று எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாராவது ஒருவர் நோய்க்கிருமியோடு வந்திறங்கினால், அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோக நுளம்பு ஆயத்தமாக இருக்கிறது. குடிக்கிற கிணற்றில் மருந்து ஊற்ற முடியாது. எனவே குடம்பிகளைத் தின்னும் சின்ன மீன்களைக் கிணறுகளில் விடுவதே குழுவினரின் வழி.

சொல்வதற்கு எளிய வழிதான். ஆனால், எங்கள் கிணறு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

எங்கள் தெருவின் முடிவில், கடல்நீரேரிக்குக் கிட்ட, ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அதன் கிணறு சில வருடங்களுக்குள் உவராகிவிட்டது. நிலத்தடி நன்னீரை எல்லாரும் மோட்டர் வைத்து இறைக்க, அந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொண்டது என்று என்னால் விளக்க முடியும். விளக்கத்தால் அபிஷேகத்துக்குத் தண்ணீர் வராது. கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிணறு இன்னமும் நல்ல தண்ணீராக இருப்பதால், கோயிலில் அப்பாவிடம் கேட்டார்கள். அவர் பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற முதல் வருடம், விடியற்காலையில் வழக்கம்போல் எழும்பிச் சவரம் செய்து, வெளிக்கிட்டு, போக இடமில்லாமல் வாசல் படலையடியில் நிற்பார். கோயில் தண்ணீர் அவருக்கு மறுபடி ஒரு வேலையைக் கொடுத்தது. தோய்ந்து, திருநீறு பூசி, இதற்கென்றே வைத்திருக்கும் பித்தளைக் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பிந்தாமல் போவார். மழை நாளிலும் நேரம் தவறியதில்லை.

ஆகவே, மீன் என்றதும் அவர் எழும்பிவிட்டார்.

“கிணத்துக்கை மச்சத்தை விட்டுட்டு அந்தத் தண்ணியைக் கோயிலுக்குக் கொண்டுபோறதோ? உனக்கென்ன விசரே பிள்ளை?”

மீனையும் இறைச்சியையும் நாங்கள் மச்சம் என்போம். விரத நாளில் மச்சம் சமைத்த சட்டியைக்கூட அடுப்படிக்குள் வைக்காத வீடு எங்களுடையது.

“அது கறிக்கு விடுற மீனில்லை அப்பா.”

“கறிக்கு விட்டாலென்ன, காவலுக்கு விட்டாலென்ன, மீன் மீன்தான்.”

எதிர்வீட்டு மாமி வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த நாள் அவருடைய கிணற்றுக்குக் குழுவினர் போனபோது, என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“முதல் உங்கடை கிணத்திலை விடுங்கோ பிள்ளை, பிறகு எங்கடைக்கு வாருங்கோ. கொப்பருக்குச் சொல்ல ஏலாததை எனக்கேன் சொல்லுறியள்?”

தெரு முழுவதும் அதே பேச்சாயிற்று. எங்கள் ஒரு கிணற்றில் மீன் விடாததால் பல கிணறுகளில் குடம்பிகள் வளரப்போகின்றன. மீனை விட்டால் அப்பாவின் காலைகளை நான் பறித்தவளாவேன். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு தட்டில் தெருவின் குழந்தைகள். மறு தட்டில் ஒரு மனிதர் காலையில் எழும்புவதற்கான காரணம். கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்திருந்தும் அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா தம்முடைய வழியொன்றைக் கண்டுபிடித்தார். பழைய நுளம்பு வலையைக் கிணற்று வாய்க்கு மேல் இழுத்துக் கட்டினார். நுளம்பு உள்ளே போகாவிட்டால் மீன் எதற்கு என்பது அவருடைய வாதம். தவறான வாதமுமல்ல. ஆனால் அது சோளகக் காற்று வீசும் காலம். ஒரு வாரத்துக்குள் வலை ஒரு பக்கம் கிழிந்து, வேலியில் பூவரசங் கொப்பில் தொங்கியது. திரும்பவும் தைத்தார், திரும்பவும் கிழிந்தது. அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கிணத்துக்குச் சட்டை தைச்சது காணும், குடியுங்கோ” என்றார்.

அன்று பின்னேரம் அப்பாவே வெள்ளைத் தட்டைக் கேட்டு வாங்கித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். குடம்பிகள் முன்னிலும் கூடுதலாக இருந்தன. தட்டை வேலியோரம் கவிழ்த்துவிட்டு, “கோயில் ஐயரைக் கேப்பம்” என்றார். ஐயர் வேண்டாமென்றால் தண்ணீர்ப்பணி அத்தோடு முடிந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இத்தனை நாளும் அவர் கேட்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறியிருந்தவர், கோயில் வாசலில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: “நீ கதை. எனக்குக் கதை வராது.”

ஐயர் அப்பாவைவிட மிகவும் இளையவர். நான் போத்தலில் கொண்டுபோன தண்ணீரை வாங்கி, விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“உது எங்கத்தைத் தண்ணி?”

“எங்கடை கிணறுதான் ஐயா.”

“அப்ப இவ்வளவு நாளும் இவையளும் சுவாமியோடை தோய்ஞ்சிருக்கினம்.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நான் அவசரமாக மீன்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்: எவ்வளவு சிறியவை, எதைத் தின்னும், ஏன் மருந்து ஊற்ற முடியாது. ஐயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அண்ணை, புழுவோடை வந்த தண்ணிக்குக் கோவிக்காத சுவாமி, புழுவைத் தின்னுற மீனுக்கே கோவிக்கப்போறார்? வாளியிலை மீன் வராமல் பாருங்கோ. வெள்ளைத் துணியாலை வடிச்சுக் கொண்டு வாங்கோ. எனக்கு அது போதும். நிருவாகத்துக்கு நான் சொல்லுறன்.”

“உண்மையாய்த்தான் சொல்லுறியளோ?” என்று அப்பா கேட்டார்.

“நீங்கள் நிப்பாட்டினால் நான் பவுசர் வண்டித் தண்ணிக்கு எங்கை போய் நிக்கிறது?” என்று சிரித்தவர், பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளை, எங்கடை வீட்டுக் கிணத்தையும் ஒருக்கால் பாக்கச் சொல்லுவியளே? வீட்டிலை இவ பிள்ளைத்தாச்சி.”

திரும்பி வரும் வழியில் அப்பா பின்னாலிருந்து தெருவின் ஒவ்வொரு வளைவுக்கும் எனக்குச் சாரத்தியம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பழையபடி ஆகிவிட்டார் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

மீன்கள் ஒரு பொலித்தீன் பையில் வந்தன. அப்பாவே அவற்றை வாளியில் விட்டு, கயிற்றை மெல்ல மெல்ல விட்டு இறக்கினார். சில வாரங்கள் கழித்து அள்ளிய தண்ணீரில் குடம்பி ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாமி தட்டுக்குள் தாமே விரலை விட்டுக் கலக்கிப் பார்த்துவிட்டு, “சரி, எங்கடைக்கும் கொண்டாங்கோ” என்றார். தெரு ஒவ்வொரு வீடாக இணங்கியது. இந்த மீன்களும் வேறு நாட்டிலிருந்து வந்தவைதாம். வெள்ளத்தில் அடிபட்டுக் குளங்களுக்குப் போனால் அங்குள்ள சிறுமீன்களுக்கு என்ன செய்யும் என்ற கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது. புதிய வினையைத் தீர்க்க இன்னொரு புதிய உயிரை அழைத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொண்டாட என்னால் முடியாது. ஆனால் அந்த வருடம், மழை தொடங்குமுன் எங்கள் தெருக் கிணறுகள் சுத்தமாக இருந்தன. அதற்காக நான் நிம்மதியாக மூச்சுவிட்டதும் உண்மை.

கார்த்திகையில் மழை அளவுக்கு மிஞ்சியது. தெருவெள்ளம் கிணற்றுக் கட்டைத் தாண்டி உள்ளே இறங்கி, தண்ணீரைத் தேத்தண்ணி நிறமாக்கியது. மழை விட்டதும் சுகாதாரப் பரிசோதகர், எல்லாக் கிணறுகளுக்கும் குளோரின் போடவேண்டும் என்று அறிவித்துப் போனார். அது சரியான முடிவு. ஆனால் குளோரினுக்கு மீன்கள் தப்பாது. அதை நான் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “பிறகு வேறை மீன் தருவினம் அப்பா” என்றும் சேர்த்தேன்.

“வேறை மீனோ? நல்ல கதை. இதுகள் என்ன பிழை செய்ததுகள்?”

கிழிந்த நுளம்பு வலையைத் தேடி எடுத்து, கம்பியில் வளைத்துக் கட்டினார். கிணறு நிறைந்திருந்ததால் தண்ணீர் கைக்கு எட்டியது. சோற்றுப் பருக்கையைத் தூவி, மேலே வந்தவற்றை ஒவ்வொன்றாக அள்ளி, முன்பே எடுத்துவைத்த தண்ணீர் நிரம்பிய அலுமினிய அண்டாவில் விட்டார். அண்டா எங்கள் விறாந்தையில் இருந்தது. அம்மா அதைச் சுற்றித்தான் நடக்கவேண்டியிருந்தது.

மார்கழி பிறந்து, மாமி வீடும் திருவெம்பாவைக்கென்று மச்சத்தை நிறுத்திவிட்டது. அவர் படலையடியில் நின்றே கூப்பிட்டார்.

“அண்ணை! எங்கடை வீட்டிலை சாம்பார், உங்கடை வீட்டுக்கைதான் மீன்! ஐயருக்குத் தெரியுமே?”

“அவர்தான் அனுமதிப்பத்திரம் தந்தவர்” என்று அப்பா திருப்பிச் சொன்னார்.

குளோரின் மணம் போகும்வரை கோயிலுக்குப் பவுசர் தண்ணீர்தான் வந்தது. அப்பா காலையும் மாலையும் வாளியில் அள்ளி முகர்ந்து பார்த்தார். திருவெம்பாவை தொடங்குமுன் கிணறு தெளியாதோ என்று அவருக்குப் பதற்றம். பரிசோதகர் வந்து நீரைச் சோதித்து, இனிப் பாவிக்கலாம் என்றபோது, அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கேட்டனியே?” என்றார். அன்றே மீன்களை வாளியில் விட்டுக் கிணற்றுக்குள் இறக்கினார்.

திருவெம்பாவையின் முதல் விடியலில் தெருவில் சங்கும் சேமக்கலமும் ஒலித்தபடி பாடுகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா தோய்ந்த ஈரத்தோடு கிணற்றடியில் நின்று, டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாளியை எடுத்தார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஊற்றப் போனவர் நின்றார். வாளிக்குள் ஒரு மீன், வாலில் சிறிய செம்புள்ளியோடு, சுற்றிச் சுற்றி ஓடியது.

அவர் வாளியைக் கட்டுக்கு மேல் சரித்து அதைத் திரும்ப இறக்கிவிட்டார்.

“இறங்கும், இறங்கும். இது கோயில் பஸ். உமக்கு இதிலை இடமில்லை.”

பிறகு புதிதாக அள்ளிய தண்ணீரை வடித்து நிரப்பி, குடத்தைச் சைக்கிளில் இறுக்கிக் கட்டி, பிந்தாமல் வெளிக்கிட்டார்.