தவிட்டாயியின் பிறந்த வீடு

துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டு விலையை முடித்த கையோடு செங்கோடன் சந்தையை விட்டுக் கிளம்பிவிடுவார். கள்ளுக்கடைகளை மூடியதிலிருந்து மற்ற தரகர்களெல்லாம் காப்பிக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். இவர் அந்த ஊர் மணியக்காரர் வீட்டைத் தேடிப் போவார். மோகனூரோ, பரமத்தியோ, சேந்தமங்கலமோ, எந்த ஊரானாலும் வெற்றிலை பாக்கை நீட்டிவிட்டு ஒரே கேள்விதான்: "ஏனுங்க, பவ வருசத்துப் பொறப்புக் கணக்கு இருக்குதுங்களா?"

"ஆரைத் தேடறீங்க?"

"எங்கம்மாவைங்க."

மீசை நரைத்த ஆள் அம்மாவைத் தேடினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? செங்கோடனுக்குக் கோபமே வராது. மாட்டின் பல்லைப் பார்த்து வயசைச் சொல்கிற மனுஷருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் மணியக்காரர் புரட்டுகிற பக்கத்தையெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பார். பல்லா முளைத்திருக்கிறது அதில், பார்த்தவுடன் தெரிய?

அம்மா பெயர் தவிட்டாயி. தாது வருஷப் பஞ்சத்தில் வீட்டுப் பெரியவர்கள் போய்விட, அவளையும் கைக்குழந்தைத் தம்பி ராசப்பனையும் தூரத்து உறவினர் ஒருவர் எடுத்து வளர்த்தார். "பையன் சடையன் மவன். இந்தப் புள்ள பவ வருசத்துல பொறந்தது, தவிட்டுக்கு வாங்கினது." அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைப் படித் தவிட்டுக்கு விற்றவர்கள் இருந்த காலம் அது. யாருக்குச் சந்தேகம் வரும்? பிறந்த ஊர் தெரியாதவள் என்று நாத்தனார்கள் குத்திக்காட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு காலம் தள்ளினாள் தவிட்டாயி. கடைசிக் காலத்தில் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "செத்தாலாவது என்ற பொறந்த ஊட்டுக் கோடியில போகோணும் சாமி."

செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புதுச்சேலை, அதுதான் கோடி, விழுந்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் பிணம் எடுப்பார்கள். போன தை மாதம் தவிட்டாயி கண்ணை மூடியபோது ராசப்பன்தான் கோடியும் கையுமாக அழுதுகொண்டு ஓடி வந்தார். செங்கோடன் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"கூட வளந்தது வேற, கூடப் பொறந்தது வேறங்க மாமா. எங்கம்மா கேட்டது பொறந்த ஊட்டுக் கோடிங்க."

ஊரே சொல்லிப் பார்த்தது. அடேயப்பா, என்ன பிடிவாதம்! ராசப்பன் சேலையை மார்போடு அணைத்தபடி, உள்ளே வராமலே திரும்பிப் போனார். தவிட்டாயி கோடியில்லாமல்தான் போனாள். வருஷத் திவசத்துக்குள் பிறந்த வீட்டைக் கண்டுபிடித்துச் சமாதி மேலாவது ஒரு சேலை போட வைக்க வேண்டும் என்று செங்கோடன் அதற்குப் பிறகு இன்னும் வெறியாக அலைந்தார்.

அவர் கேட்காமல் விட்ட ஊர் ஒன்றே ஒன்றுதான். அது ராசப்பனின் அப்பா சடையன் வாழ்ந்த ஊர். வாங்கிய பிள்ளை வாங்கியவர் ஊரிலேயே பிறந்திருக்குமா என்ன? போன வாரம் ஒரு காளை விஷயமாக அங்கே போனவர், வழக்கத்தை விட மனமில்லாமல் கேட்டுவைத்தார். மணியக்காரர் பரணிலிருந்து ஏட்டை இறக்கிப் படித்தார்: பவ வருஷம், ஆவணி மாதம், பெண் குழந்தை, தாய் பாப்பாயி, வந்து சொன்னவர் சடையன்.

பாப்பாயி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்றதும் செங்கோடனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே ஓடிப் போய் அந்தக் கிழவி காலில் விழுந்தார். "அம்மாயி, நீங்க பெத்த புள்ளையோட மவனுங்க நான்!"

பாப்பாயி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். "நானா பெத்தேன்? அட கூறுகெட்டவனே! சடையன் பொண்டாட்டிக்கு மூணு புள்ள தங்கல. நாலாவதைப் பெத்ததும் என்ற மடியில போட்டுட்டு, ஒரு படி தவிடு குடுத்துத் திருப்பி வாங்கிக்கிட்டா. ஆராச்சும் அடுத்தவ புள்ளைன்னு எமன் உட்டுட்டுப் போகட்டும்னுதான். அந்தச் சடையன் மணியக்காரருகிட்டயும் பாப்பாயி புள்ளைன்னே சொல்லி எழுத வெச்சுப்போட்டான். உங்கம்மா ராசப்பனுக்குக் கூடப்பொறந்த அக்காடா சாமி!"

எமன் ஏமாந்தானோ இல்லையோ, அக்காளும் தம்பியும் ஆயுசு முழுக்க ஏமாந்துபோனார்கள். செங்கோடன் காளையையும் மறந்தார், சோற்றையும் மறந்தார். பொழுது சாயும் நேரத்துக்கு ராசப்பன் வீட்டுக் கட்டுத்தரையில் போய் நின்றார். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த ராசப்பன், வாங்க என்று சொல்லவில்லை. செங்கோடன் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அந்தச் சீலை இருக்குதுங்களா மாமா? சமாதிக்கு வாங்க."

"அன்னைக்கே காவேரியில உட்டுட்டேன். அக்கா இல்லைன்னு ஆனப்புறம் அது எனக்கெதுக்கு?"

"புதுசு எடுத்துக்கலாமுங்க."

ராசப்பன் கையிலிருந்த சோளத்தட்டுக் கட்டைக் கீழே போட்டார். "சீலை கெடக்குது உடு. மொகத்தையாவது பாக்க உட்டிருக்கலாமில்லடா சாமி!"

செங்கோடன் மாமனின் வலது கையை இழுத்துப் பிடித்து, அதாலேயே தன் கன்னத்தில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டார்.