நாற்பதில் வந்தேன்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். மினி லாரி இடக்கொச்சி தாண்டி பைபாஸ் ஏறிவிட்டால் எண்பது கிலோமீட்டர் வேகம்தான். பதினோரு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது.

கொச்சியின் மட்டாஞ்சேரிச் சந்தைக்குள் வேறு சட்டம். அங்கே மூட்டை சுமப்பவர்தான் ராஜா. தலையில் அரிசி மூட்டை ஏறிவிட்டால் அவரால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. அவருக்கும் சேர்த்து வண்டிக்காரன்தான் பார்க்க வேண்டும். ஹாரன்கூட அடிக்கக் கூடாது. திடுக்கிட்டால் கழுத்து போய்விடும். என் அக்காவின் கணவரும் அங்கே மூட்டைதான் சுமந்தார். தேனியிலிருந்து என்னை அழைத்து வந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்.

அன்று காலை பைபாஸை விட்டு இறங்கி, சந்தைக்குள் இருக்கும் கொச்சங்காடிக் கிடங்குக்கு வந்துகொண்டிருந்தேன். கடைகள் திறக்கவில்லை, தெரு காலி. எண்பதில் வந்தவனுக்கு நாற்பது என்பது உருட்டிக்கொண்டு போவது போலத்தான் இருக்கிறது. முள் நாற்பதில் நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மெதுவாகத்தானே போகிறோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும். கிடங்கு வாசலிலிருந்து ஒரு மூட்டை தெருவில் இறங்கியது. அதன் கீழே மச்சான். பைபாஸில் நாற்பதில் போனால் பின்னால் வருகிறவன் திட்டுவான். இங்கே அதே நாற்பது அவருடைய இடுப்பை முறித்தது.

சந்தையே எனக்காகப் பேசியது. “மெதுவாத்தான் வந்தாரு சாரே, நான் கண்டதாக்கும்,” என்று போலீஸிடம் சாயாக்கடைக்காரர் சத்தியம் செய்தார். அவர் அப்போது கடைக்குள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று மற்றவர்கள் தேற்றினார்கள். யானை எழுந்து போய்விட்டது. அதன் அடியில் கிடந்தவரைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எத்தனையில வந்தே மாப்ள?”

“இருபது மச்சான்.”

“அப்ப தப்பு என் மேலதான். நாந்தான் பாக்காம எறங்கிட்டேன்.”

இனி அவர் மூட்டை தூக்க முடியாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். அக்கா ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டுகிறாள், கண் தெரியாமலா நடந்தீங்க என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தந்த சாயாவைக் குடிக்கிறேன்.