அம்புக்குறி காட்டிய நேர்வழி

வைட்ஃபீல்டில் வேலை பார்த்தபோது, அமெரிக்கா போய்வந்த நண்பன் சைக்கிளில் மாட்டிக்கொள்ள ஒரு ஜி.பி.எஸ். கருவி கொடுத்தான். கையேட்டைப் படிக்க எனக்கேது பொறுமை? புறப்படும் இடத்தையும் போகவேண்டிய கோயிலையும் மட்டும் குறித்துவிட்டு, மறுநாள் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டேன்.

மார்கழிப் பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஓரிடத்தில் தார்ச்சாலை இடப்பக்கம் வளைந்தது. திரையிலிருந்த அம்புக்குறியோ நேராகக் காட்டியது. குறுக்குவழி போலிருக்கிறது என்று மண்பாதையில் இறங்கினேன். சிறிது தூரத்தில் நாய்கள் குரைப்பதுகூட நின்றுபோனது. சக்கரத்தடியில் ஜல்லி நொறுங்கியது.

“ஏய், நில்லு! அங்க ரோடு இல்ல!”

பிரேக்கை அழுத்தினேன். குடத்தோடு ஓடிவந்த ஒரு பெண், கல்லொன்றை எடுத்து எனக்கு முன்னால் வீசினாள். சற்றுப் பொறுத்து, வெகு கீழே தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. கைவிடப்பட்ட கல்குவாரி.

“போன வாரம் எங்க மாடு இதுலதான் சார் போச்சு” என்றாள்.

கருவி அப்போதும் நேராகவே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு புள்ளி கொடுத்தால் அது நடுவில் கோடு போடும், அவ்வளவுதான். சாலை எங்கே என்று அதற்குத் தெரியாது.

இப்போது ஒவ்வொரு திருப்பத்தையும் குறித்த பிறகே கிளம்புகிறேன். அன்று போன தடத்தை மட்டும் கருவியிலிருந்து அழிக்கவில்லை. நேராக வந்து, குவாரி விளிம்பில் நிற்கிறது அது.