தலைத்திவசம் முடியட்டும்

ரோட்டுல அடிபட்டுச் செத்தவங்களுக்கு நஷ்டஈடு கேட்டு மனு டைப் அடிக்கிறதுதான் எனக்கு வாய்ச்ச தொழில். தொண்ணூறுகளோட ஆரம்பத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் ராஜபாளையத்துல பஸ் ஏறி வருவேன். முன்னாடி சீட்டு காலியாக் கிடந்தாலும் உக்கார மாட்டேன். நான் அடிச்ச மனுவுல நாலே நாலு படிச்சிருந்தீங்கன்னா நீங்களும் உக்கார மாட்டீங்க.

வாய்தாவுக்கு வந்து கோர்ட்டு வாசல்ல கால் கடுக்க நின்னவங்க யாராவது இதைப் படிச்சா, உங்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்லிடப் போறதில்ல. நீங்களும் நம்ம கட்சிதான். மத்தவங்க கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கோங்க.

மாத வருமானம்

சேர்ந்த முதல் வாரம். வ. புதுப்பட்டியில இருந்து ஒரு விவசாயி வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன பையன் மேல பஸ் மோதிடுச்சு. மனுப் படிவத்தைப் பாத்துப் பேரு கேட்டேன், சொன்னார். வயசு கேட்டேன், பதினேழுன்னார். அடுத்து "தொழில்"னு இருந்துச்சு. "படிச்சுக்கிட்டு இருந்தான் தாயி." அதுக்கடுத்து "மாத வருமானம்". அந்தக் கட்டத்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகப் பாத்தேன். பின்னாடி இருந்து எங்க குமாஸ்தா சங்கரலிங்கம் அண்ணாச்சி, "லீவு நாள்ல தோட்ட வேலை பாத்தானான்னு கேளும்மா. வருமானம் இல்லாட்டி கணக்குப் போடவே முடியாது" அப்படின்னார்.

ஒரு உசுருக்கு விலை போடுறது இப்படித்தானாம். மாசம் எம்புட்டுக் கொண்டு வந்தான், இன்னும் எத்தனை வருசம் கொண்டு வந்திருப்பான், அதுல தன் செலவு போக வீட்டுக்கு எம்புட்டுக் கொடுத்திருப்பான். அண்ணாச்சி மேல எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா அவர் என்ன செய்வார், சட்டத்தை அவரா எழுதினார்? அந்த விவசாயி தோள் துண்டைத் திருகினார். பொறவு கேட்டார்: "பதினேழு வருசம் நான் அவனுக்குச் சோறு போட்டனே தாயி, அதை எந்தக் கட்டத்துல எழுதுவீக?"

அறுக்காத உடம்பு

ராஜபாளையத்துல பலசரக்குக் கடை வச்சிருந்த ஒருத்தர் வந்தார். அவரோட தம்பியை ஒரு வேன் அடிச்சுத் தூக்கிப் போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உசுரு போயிடுச்சு. "போஸ்ட்மார்ட்டம்னு சொல்லி எம் பிள்ளையை அறுத்துராதீக"ன்னு அவங்க அம்மா தரையில விழுந்து புரண்டிருக்காங்க. அதைப் பாக்க மாட்டாம, "மயக்கம் போட்டு விழுந்தான், யார் மேலயும் எங்களுக்குப் புகார் இல்ல"ன்னு குடும்பமே எழுதிக் கொடுத்து, உடம்பை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. வேன்காரனும் மாலை வாங்கிக்கிட்டு எழவுக்கு வந்தானாம். வந்தவன் நல்லவன்னு நெனச்சு அவனுக்குக் காப்பி வேற கொடுத்திருக்காங்க.

மூணு மாசம் கழிச்சு, தம்பி பொண்டாட்டி பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்குமான்னு கேக்க இவர் வந்தார். வக்கீல் சார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். விபத்துன்னு வழக்கே பதிவாகல. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இல்ல. காகிதத்துல பாத்தா அந்தத் தம்பி தானா விழுந்து தானாச் செத்திருக்கான். "இதை வச்சு நான் எப்படிய்யா மனு போட? நீங்க எழுதினதை நீங்களே பொய்னு சொல்லணுமே" அப்படின்னு தலையில கை வச்சுக்கிட்டார். அந்த அண்ணன் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனவர், திரும்பி நின்னு சொன்னார்: "தம்பியை முழு உடம்பா அனுப்பி வைக்கணும்னு பாத்தோம் சார். வேன்காரனைத்தான் முழுசா அனுப்பி வச்சிருக்கோம்."

நான் சொன்ன சரி

இப்ப என் தப்பைச் சொல்றேன். மாசி மாசத்துல ஒரு நாள், வக்கீல் சார் கோர்ட்டுல இருந்த நேரம், தேவதானத்துல இருந்து வேலுச்சாமின்னு ஒருத்தர் வந்தார். அவரோட அண்ணன் ராமையா ராஜபாளையத்துல மில் வேலை பாத்தவர். காலை ஷிஃப்டுக்கு சைக்கிள்ல போகும்போது லாரி அடிச்சு அங்கேயே முடிஞ்சுட்டார். பொண்டாட்டி செல்லக்கனி, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. மூத்தது ரெண்டாப்பு, சின்னது இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகல. லாரிக்காரன் மேல வழக்கு, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், மில் சம்பளச் சீட்டு எல்லாத்தையும் மஞ்சப்பையில ஒழுங்கா வச்சிருந்தார். இப்படி ஒரு கட்சிக்காரர் வர்றது அபூர்வம். "அப்ப உங்க மதினியைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்து வாங்கிடலாம்"னேன்.

அவர் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். அவங்க வீட்டு வழக்கப்படி புருசனைப் பறிகொடுத்தவ வருசம் முடியுற வரைக்கும் மூலையில இருக்கணும், வாசல் தாண்டக் கூடாது. முதல் வருசத் திதி, அதாவது தலைத்திவசம், கொடுத்த பொறவுதான் மத்த காரியமெல்லாம். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. எனக்குத் திதியும் தெரியாது திவசமும் தெரியாது. பாவம், துக்கத்துல இருக்கிற வீடு, வருசம் முடிய இன்னும் நாலு மாசம்தானேன்னு நெனச்சு, "சரி, அப்ப முடிச்சிட்டே வாங்க"ன்னு சொல்லிட்டேன். வக்கீல் சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வேலுச்சாமி நிம்மதியா எந்திரிச்சார்: "போன அண்ணன் திரும்பியா வரப் போறான், நஷ்டஈடுதான் எங்க ஓடிரப் போகுது? திவசம் முடிஞ்ச மறுநாளு வாரோம் தாயி."

பன்னிரண்டு மாசம்

வைகாசி கடைசியில ஒரு அம்மாவும் மகனும் வந்தாங்க. வீட்டுக்காரர் செத்து பதிமூணு மாசம். வக்கீல் சார் தேதியைப் பாத்ததும் ஃபைலை மூடிட்டார். விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். அதுக்கு மேல போனா தாமதத்துக்குக் காரணம் சொல்லணும். பன்னிரண்டு மாசம் தாண்டிடுச்சுன்னா ஜட்ஜே நெனச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது. அன்னைக்குச் சட்டம் அப்படி இருந்துச்சு. அந்த அம்மா அழக்கூட இல்ல. சேலை முந்தியை வாயில வச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

தேவதானத்து விசயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "வருசத் திதி முடிஞ்ச மறுநாள்தானே சார், ஒரு நாள்தானே தள்ளும்"னு அழாத குறையாக் கேட்டேன். வக்கீல் சார் திட்டுவார்னு பாத்தா, அண்ணாச்சி பக்கம் திரும்பி நாளைக் கணக்குப் பாக்கச் சொன்னார். அதுதான் பயமா இருந்துச்சு. சங்கரலிங்கம் அண்ணாச்சி ராமையா செத்த தேதியைக் கேட்டு, போன வருசப் பஞ்சாங்கத்துல திதியைப் பாத்துட்டு, சுவத்துல தொங்கின தினசரிக் காலண்டரைக் கழட்டித் தாள் தாளாப் புரட்டினார். போன வருசம் அவர் செத்தது ஆனி அஞ்சாம் தேதி, தேய்பிறை சதுர்த்தி. இந்த வருசம் ஆனியில அந்தச் சதுர்த்தி இருபத்திநாலாம் தேதிதான் வருது. திதிங்கிறது வருசா வருசம் ஒரே தேதியில நிக்காதாம். இது எனக்கு யார் சொன்னா? சட்டக் கணக்குல வருசம் முடிய இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. அண்ணாச்சி காலண்டரைத் திரும்ப ஆணியில மாட்டினார்: "பஞ்சாங்கத்துக்குப் பத்தொம்பது நாள் ஒண்ணுமே இல்ல ஸ்டெல்லா. சட்டம் ஒரு நாளுக்கே கதவைச் சாத்திரும். எந்திரி, பஸ்ஸைப் பிடி."

நாள் பாத்தா போனாவ

தேவதானத்துல வீடு கண்டுபிடிக்கிறது கஷ்டமா இல்ல. லாரியில அடிபட்ட ராமையா வீடுன்னா கைக்குழந்தை கூடக் காட்டும். மாசியில குறிச்சு வச்சிருந்த விவரத்தை வச்சு வக்காலத்து, மனு எல்லாம் டைப் அடிச்சுக் கையோட கொண்டு போயிருந்தேன். அந்தப் பொண்ணு வாசல் தாண்ட வேண்டாம், மூலையில உக்காந்தே கையெழுத்துப் போடட்டும்னு என் எண்ணம். ஆனா மாமியார் நடுவாசல்ல நின்னுட்டாங்க. "தலைத்திவசம் முடியல. அதுக்குள்ள எம் பிள்ளை ரத்தத்தை வித்துத் திங்கச் சொல்லுதியா?"ன்னு கேட்டாங்க. அக்கம்பக்கமே கூடிடுச்சு. வேலுச்சாமி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார்.

எனக்கு வாய் நீளம். எழவு வீடுன்னு பாக்காம நானும் பேசிட்டேன். "திங்கப் போறது நீங்க இல்ல, அந்த ரெண்டு பிள்ளைங்க. ஆறு நாள் போச்சுன்னா நாளைக்கு நீங்களே அழுது கூப்பிட்டாலும் கோர்ட்டு எட்டிக்கூடப் பாக்காது"ன்னு கத்தினேன். கத்தி முடிச்சதும் எனக்கே அழுகை வந்துடுச்சு. "முதல்லயே சொல்லியிருக்கணும், நான்தான் தெரியாம சரின்னுட்டேன், என் மேல தப்பு"ன்னேன். அந்த அம்மாவும் அழுதாங்க. பெத்த வயிறு, அவங்க மட்டும் என்ன செய்வாங்க? அப்பத்தான் உள்ள இருந்து செல்லக்கனி அந்தக் காகிதத்தை இங்க கொண்டாங்கன்னு குரல் கொடுத்தா. போய்ப் பாத்தா என் வயசுதான் இருக்கும். அரிசி மூட்டைக்குப் பக்கத்துல ஒரு பாய், அதுதான் பதினோரு மாசமா அவளுக்கு உலகம். எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டே வந்தவ, "காலஞ்சென்ற ராமையாவின் விதவை"ன்னு நான் அடிச்சிருந்த இடத்துல விரலை வச்சு ரெண்டாந்தடவையும் படிச்சா. பொறவு எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டா. பேனாவை என்கிட்ட நீட்டிக்கிட்டே வாசல்ல நின்ன மாமியாரைப் பாத்துச் சொன்னா: "அவிய போறப்ப நாள் பாத்தா, அத்தை, போனாவ? நான் மட்டும் என்னத்துக்கு நாள் பாக்கணும்?"

மன்னிக்க வேண்டிய தாமதம்

ஆறு மாசம் தாண்டிட்டதால இன்னொரு மனுவும் சேத்துப் போட வேண்டி இருந்துச்சு. "மனுதாரர் கணவர் இறந்த துக்கத்தில் இருந்ததால் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்குமாறு" அப்படின்னு வக்கீல் சார் சொல்லச் சொல்ல அடிச்சேன். பாதியில நிறுத்திட்டுக் கேட்டேன். என்ன சார் இது, புருசனுக்காக அழுததுக்கு ஒருத்தி மன்னிப்புக் கேக்கணுமா? அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "அடிம்மா, வேற வழி இல்ல"ன்னார். ரெண்டு நாள் பாக்கி இருக்கும்போது மனு உள்ள போச்சு.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன், இல்லாட்டி உங்களுக்கும் என்னை மாதிரி நெஞ்சு படபடக்கும். மனுவை ஜட்ஜ் ஏத்துக்கிட்டார். வழக்கு நடந்து, அந்தப் பிள்ளைங்க பேருக்கு பேங்க்ல பணமும் விழுந்துச்சு. ரெண்டு மூணு வருசத்துல அந்தக் கெடுவையே சட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. சேலை முந்தியை வாயில வச்சுக்கிட்டுப் போன அந்த அம்மாவை அப்ப எவ்வளவோ தேடினோம், கிடைக்கல.

நான் சொல்ல வந்தது தாமத மனு விசாரணைக்கு வந்த அன்னைக்கு நடந்தது. செல்லக்கனி கூண்டுல ஏறினா. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆஜரான வக்கீல் எந்திரிச்சார். "உங்க வழக்கப்படி ஒரு வருஷம் வெளி விவகாரமே கூடாதுன்னு சொல்றே. அதனாலதான் லேட்டுன்னு சொல்றே. அப்ப பன்னிரண்டாவது மாசத்துல மட்டும் எப்படிக் கையெழுத்துப் போட்டே? ஒண்ணு அந்த வழக்கம் பொய், இல்லாட்டி உன் துக்கம் பொய். எது?" அப்படின்னார். எங்க வக்கீல் சார் பாதி எந்திரிச்சுட்டார். எனக்கு அந்த ஆளு மேல செருப்பைக் கழட்டி வீசலாம்னு இருந்துச்சு. செல்லக்கனி கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அவர் பக்கம் திரும்பவே இல்ல. ஜட்ஜைப் பாத்துத்தான் பேசினா: "ஒரு வருசம் முடியாம வெளிய வந்தா பொண்டாட்டியே இல்லைனு ஊரு சொல்லுது. ஒரு வருசம் முடிஞ்சு வந்தா ஒண்ணுமே இல்லைனு சட்டம் சொல்லுது. எத்தனை நாளைக்குள்ள அழுது முடிக்கணும்னு நீங்களே ஒரு தேதி போட்டுக் கொடுத்துருங்கய்யா."

இத்தனை வருசம் மனு அடிச்சதுல நான் கண்டது இதுதான்: எமன் வீடு தேடி வந்துருவான், நியாயத்துக்குத்தான் நாம பஸ் ஏறிப் போகணும், அதுவும் அவன் வந்த தேதியை மறக்காம.