படித்துக் காட்டப்பட்டது

அந்த நீதிமன்றத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் டீ விற்பவர் முதல் வக்கீல்கள் வரை எல்லாருக்கும் அவர் 'மெஷின்'தான். மரியாதை தெரிந்தவர்கள் பின்னால் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். முப்பத்தொரு வருடமாகச் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்பவர். சாட்சி வாயை மூடுவதற்குள் இவர் முற்றுப்புள்ளி வைத்திருப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

வேலை நடக்கும் விதம் இதுதான். சாட்சி தனக்குத் தெரிந்த பேச்சில் சொல்வார். நீதிபதி அதை எழுத்து நடைக்கு மாற்றிச் சொல்வார். மெஷின் தட்டுவார். கண் திரைக்குப் போகவே போகாது, நீதிபதியின் வாயில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த புதிதில் மற்றவர்கள் திணறிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் அதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். இரண்டு எழுத்தை அடித்து இடைவெளிக் கட்டையைத் தட்டினால் ஒரு பத்தியே வந்து விழும். 'உறு' என்று அடித்தால் உறுதிமொழி முழுவதும் வரும். 'படி' என்று அடித்தால், 'மேற்கண்ட வாக்குமூலம் சாட்சிக்குப் படித்துக் காட்டப்பட்டது; சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார்' என்று வரும்.

சட்டப்படி உண்மையாகவே படித்துக் காட்ட வேண்டும். ஆனால் வராந்தாவில் நாற்பது பேர் காத்திருக்கும்போது யார் படிப்பது? அந்த வரி இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. இதை யாரும் உத்தரவு போட்டு ஆரம்பிக்கவில்லை. தூசி மாதிரி தானாகச் சேர்ந்த பழக்கம்.

'நெவ' என்றும் ஒன்று வைத்திருந்தார். போலீஸ் காவலில் ஆள் இறந்தால் நீதிபதிதான் விசாரிக்க வேண்டும். அப்படிப் பதினோரு விசாரணைகள் அவர் கையால் தட்டச்சாகியிருந்தன. ஸ்டேஷன்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, சொல்லிவைத்தாற்போல ஒன்றையேதான் சொல்வார்கள். திரும்பத் திரும்ப அடித்துக் கை சலித்துப்போய் அதையும் இரண்டெழுத்தில் அடக்கிவிட்டார். 'அவருக்கு நீண்ட நாட்களாக நெஞ்சுவலி இருந்துவந்தது.' செத்தவன் கதையைச் சுருக்கெழுத்தாக்கி வைத்திருக்கிறோமே என்று அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பன்னிரண்டாவது விசாரணை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றியது. இருபத்தாறு வயது. அவன் லிஃப்ட் பழுது பார்த்த கட்டடத்தில் ஏதோ திருட்டுப் போனது. விசாரிக்க வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் பிணமாகக் கொடுத்தார்கள். அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. சாட்சிக் கூண்டில் ஏறியபோது அவள் சட்டைக் கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"ரெண்டாம் நாள் மாத்துத்துணி கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் வந்து நின்னான். நெஞ்சு வலிக்குதுக்கான்னான். ஏன்டான்னு கேட்டேன். பூட்ஸ் காலால மிதிச்சாங்கன்னான். அதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்ல, மேடம்."

நீதிபதி அம்மா புதிதாக வந்தவர், கறார் பேர்வழி. ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னார். மெஷின் தட்டினார். மதியம் ஒன்றரை மணி. வெளியே இன்னும் ஏழு பேர். அக்கா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நீதிபதியும் போட்டார்.

ஆறு நாள் கழித்து, நகல் எடுக்கும்போதுதான் மெஷின் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தார். 'நெஞ்சு வலிப்பதாகக் கூறினான்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அவருக்கு நீண்ட நாட்களாக நெஞ்சுவலி இருந்துவந்தது' என்று இருந்தது. விரல் பழக்கதோஷத்தில் 'நெவ' அடித்திருக்கிறது. அடுத்த வரியில் பூட்ஸ் கால், அதற்கடுத்ததில் தலைவலி கூட வந்ததில்லை என்பது. ஒரே வாக்குமூலம் தன்னையே வெட்டிக்கொண்டு நின்றது.

பெஞ்ச் கிளார்க்கிடம் காட்டினார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தப்பா அடிச்சிட்டேன்னு சொல்லப் போறீங்களா? அப்போ படிச்சுக் காட்டும்போது தெரியலையான்னு கேப்பாங்க. படிச்சுக் காட்டவே இல்லைன்னு சொல்லணும். கீழ மேடம் கையெழுத்து இருக்கு. ரிட்டயர் ஆக மூணு மாசம். எதுக்கு சார் வம்பை விலைக்கு வாங்குறீங்க?"

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "கடைக்குப் போகும்போது நான் சொல்ற நாலு சாமானை நாலு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டுவீங்களே, மறந்துடக் கூடாதுன்னு. கோர்ட்ல அது கூட கிடையாதா?" அவருக்குச் சுருக்கென்றது.

மறுவாரம் விசாரணை. வக்கீல் கண்ணில் அந்த வரி படாமல் போய்விடாதா என்றுதான் அவர் வேண்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த மனிதர். போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்ததும் முதலில் எடுத்ததே அந்த வரியை.

"தம்பிக்கு ரொம்ப நாளா நெஞ்சுவலின்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா?"

"நான் சொல்லல."

"இதோ இருக்கே. படிச்சுக் காட்டியிருக்காங்க, சரின்னு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மேடம், சாட்சியே பழைய நோய்னு சொன்ன பிறகு இந்த விசாரணையில மிச்சம் என்ன இருக்கு?"

அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. "நாங்க ஒரு சட்டை தைக்கிறதுக்கே அளவை எழுதிட்டு ஒரு தடவை வாசிச்சுக் காட்டுவோம். இங்க யாரும் எனக்கு எதையும் படிச்சுக் காட்டல. அந்த சாரையே கேளுங்க. அவருதான அடிச்சாரு" என்றாள்.

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் மெஷினைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பக்கம் யாரும் பார்த்ததே இல்லை. 'படிச்சுக் காட்டினேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாம், அவளைத் தவிர. பெஞ்ச் கிளார்க் மேசைக்கடியில் காலால் அவர் காலைத் தட்டினார்.

மெஷின் எழுந்து நின்றார். "படிச்சுக் காட்டல, மேடம். அந்த வரியும் அவங்க சொன்னது இல்ல. என் கை அடிச்சது."

நீதிபதியின் முகம் சிவந்துபோயிற்று. தன் கையெழுத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இதைப் பதிவு பண்ணணும். நின்ன இடத்துலயே நில்லுங்க. இன்னைக்கு அதுதான் உங்க கூண்டு. நீங்களே சொல்லுங்க, நீங்களே அடிங்க."

குனிந்து நின்றபடியே தட்டினார். உறுதிமொழியை எழுத்து எழுத்தாக அடித்தார். 'நெவ' என்றால் என்ன, எதற்காக வைத்தார், எல்லாம் சொன்னார், அடித்தார். அந்த வேகம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இதுக்கு முன்னாடி பதினோரு விசாரணை அடிச்சிருக்கீங்க. அதுல இறந்தவங்க வீட்டுக்காரங்க சொன்னதை?"

"படிச்சுக் காட்டல."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும் இல்ல, மேடம்."

"அதையும் அடிங்க."

அடித்தார். கடைசியில் விரல் தன் பழக்கத்துக்கு 'படி' என்று தட்டிவிட்டது. முழு வரியும் வந்து உட்கார்ந்தது. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். படித்து முடித்த பிறகுதான் அந்த வரியைக் கையால் எழுதினார்.

பிறகு அக்காவின் வாக்குமூலத்தை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். அதையும் அவர்தான் படித்துக் காட்டினார். பூட்ஸ் கால் வந்த இடத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"அதை இன்னொரு தடவை படிங்க சார்."

படித்தார்.

"ஆமா. இதைத்தான் சொன்னேன்" என்று கையெழுத்துப் போட்டாள். வக்கீல் கேட்டுக்கொண்டிருந்த 'மிச்சம்' இப்போது தாளில் இருந்தது. விசாரணை மேற்கொண்டு நடந்தது. அந்த ஸ்டேஷனில் மூன்று பேர் மேல் வழக்குப் போட வேண்டும் என்று நீதிபதி அறிக்கை அனுப்பினார்.

மெஷினுக்கு மெமோ வந்தது. நீதிபதிக்கும் வந்தது என்று பேச்சு. பழைய பதினோரு கோப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா மேலிடத்துக்கு எழுதினார். அனுமதி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. பெஞ்ச் கிளார்க் இவரோடு டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டார். ரிட்டயர் ஆக இரண்டு வாரம் இருக்கும்போது முதல் கோப்புக்காரர் வந்தார். மகனைப் பறிகொடுத்து பத்தொன்பது வருடம் ஆன ஒரு பெயிண்டர். சம்மனைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார்.

"எல்லாம் அன்னைக்கே சொல்லிட்டேனே. இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க?"

மெஷின் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். கோப்பில் தூசியைத் தட்டினார்.

"நீங்க சொன்னதுன்னு நான் எழுதினதைப் படிச்சுக் காட்டணும், ஐயா. உக்காருங்க."